குளிப்பாட்டும் கட்டிலின் பொருத்து

என் சமையலறை மேசை லாச்சியில், கரண்டி கத்திகளோடு சேராமல், ஒரு பழைய துணியில் சுற்றிய சாமான் ஒன்று கிடக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. ஒரு நுனியில் கொக்கிபோல் மடங்கிய சிறிய இரும்பு அலகு, மறு நுனியில் மழுங்கிய ரப்பர். குளியலறை ஓரங்களிலும் கழுவுதொட்டியைச் சுற்றியும் பூசுகிறார்களே சிலிகன் பசை, அது பழசாகிக் கறுத்துப்போனால் பொருத்திலிருந்து தோண்டி எடுப்பதற்கென்று செய்த கைக்கருவி அது. ஒருமுறை என் கணவர் கழுவுதொட்டியின் ஓரத்தைச் சுரண்டவென்று அதை வெளியே எடுத்தார். வையுங்கள், வேறு வாங்கலாம் என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். பாவம் மனிதர், திரும்பச் சுற்றி வைத்துவிட்டு நேரே கை கழுவப் போய்விட்டார்.

அந்தக் கருவியால் சுரண்டியது இறந்தவர்களைக் கிடத்தி மையித்துக் குளிப்பாட்டும் கட்டிலை. எங்கள் பள்ளிவாசலுக்கு இப்போது பொருத்தே இல்லாமல் ஒரே தகட்டில் வளைத்துச் செய்த புதிய கட்டில் வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் ஒரே ஓட்டமாக ஓடிக் குழாயில் இறங்கிவிடும். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய கட்டில்தான் ஞாபகம் வருகிறது, கூடவே என் உம்மாவும் சாச்சியும்.

சாச்சி உம்மாவின் தங்கை. கண்டி நகரத்துக்குள் எங்கள் ஆட்களின் கலியாணம் என்றால் வட்டலப்பத்துக்குச் சாச்சியிடம் சொல்வார்கள். பெண்கள் யாராவது மௌத்தானால் குளிப்பாட்டவும் சாச்சியைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே ஃபோன் நம்பர். அதனால் சாச்சியின் ஃபோன் அடித்தால் வீட்டில் எல்லோரும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்போம், வட்டலப்பத்துக்கு முட்டையா, மையித்துக்குக் கபன் துணியா என்று. என் கூடப்பிறந்த நானாமார் இதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வார்கள். சாச்சிக்குக் கோபம் வராது. ரெண்டுக்கும் கை சுத்தமா ஈக்கணும், அவ்வளவுதான் என்பாள். பெரிய உடம்பு, பெரிய குரல், எதற்கும் அசைய மாட்டாள். மையித்து வீட்டில் மட்டும் அந்தக் குரல் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. மையித்தைப் புரட்டும்போது, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றுகிற மாதிரிப் புரட்டுவாள். தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்துத்தான் மேலே ஊற்றுவாள். மையித்துக்கும் நோகும் என்பது அவள் ஓயாமல் சொல்கிற ஒரு சொல்.

அந்தப் பழைய கட்டிலை ஏதோ பட்டறையில் இரண்டு தகடுகளைச் சேர்த்துச் செய்திருந்தார்கள். நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரு பொருத்து, அதை மூடச் சிலிகன். வருடங்கள் போகப் போக அந்தச் சிலிகன் கறுத்து, வெடித்து, கட்டில் ஒழுகத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை ஒழுகும்போதும் பள்ளிவாசல் ஆட்கள் யாராவது போய்ப் பழசின் மேலேயே புதிதாக ஒரு கோடு பூசிவிட்டு வருவார்கள். அது அடுத்த மௌத்து வரைக்கும் தாங்காது. மறுபடி ஒரு கோடு. பார்த்தால் கஞ்சிச் சட்டியின் அடியில் பிடித்த தீய்ந்த சோறு மாதிரி அடுக்கடுக்காக ஏறிப்போயிருந்தது. பழசை முழுக்க எடுத்தால்தான் புதுசு பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல, அவரவர் வீட்டுக் குளியலறையில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பழசை எடுக்க அந்தக் கட்டிலின் பக்கத்தில் நாள்முழுக்க உட்கார வேண்டும். பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த இருட்டு அறையில், அந்தக் கட்டிலோடு தனியாக உட்கார ஊரில் ஒரு ஆண்பிள்ளைக்கும் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பூசிவிட்டு ஓடி வருவார்கள். பயத்துல பூசின பச எப்பிடிப் புடிக்கும் என்று சாச்சி கேட்பாள். ஒருமுறை மையித்தின் தலைமுடியை அவள் வாரிக்கொண்டிருந்தபோது, அந்த வெடித்த பசையின் விளிம்பில் முடி சிக்கி அறுந்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். சாச்சி அழுது நான் பார்த்தது அபூர்வம்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டிச் சந்தைக்குப் போகிற தெருக்களில் ஒன்றில், கீழே கடை, மேலே வீடு. மேலே முழுக்கப் பலகைத் தளம், குளியலறை ஒன்றுக்கு மட்டும்தான் சீமெந்து. கீழே கடை வைத்திருப்பவர் ஒரு தையற்காரர். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இளவயதிலேயே டவுனுக்கு வந்தவர், இந்து. கலியாணப் பெண்களுக்குச் சட்டை தைப்பதில் அவருக்கு நல்ல பெயர், கூரைச் சீலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் மெஷின் ஓட்டுவது உம்மாவுக்குக் கேட்கும், உம்மா நடப்பது அவருக்குக் கேட்கும். மத்தியானம் உம்மா காலால் பலகையில் தட்டினால் பிளேன்டீ ஆயத்தம் என்று அர்த்தம். அவர் ஏறி வந்து படியிலேயே நின்று குடித்துவிட்டுப் போவார். உம்மாவை அவரும் உம்மா என்றுதான் கூப்பிடுவார்.

வாப்பாவுக்கு அக்காவான ராத்தா, எங்களுக்கு மாமி, அந்த வீட்டில்தான் மௌத்தானார். எங்கள் பக்கத்தில் பெண்களை வீட்டிலேயே குளிப்பாட்டுவதுதான் வழக்கம். குளியலறைக்குள் கட்டில் நுழையாது என்பதால் பின்பக்கக் கூடத்தில், பின் ஹோலில், போட்டார்கள். கட்டில் ஒழுகியது. பலகை இடுக்கு வழியே தண்ணீர் கீழே இறங்கி, தையற்காரரின் மேசையில் விரித்திருந்த ஒரு கூரைச் சீலையின் மேல் சொட்டியது. மையித்தை எடுத்த பிறகு ஏதோ சொல்லக் கீழே போன உம்மா அதைக் கண்ணால் கண்டார். பிணத்தைக் குளிப்பாட்டிய தண்ணீர் கலியாணச் சீலையில் விழுவது அந்த ஆட்களுக்கு என்ன மாதிரியான காரியம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தையற்காரர் தலையைக் குனிந்தபடி அந்தச் சீலையை மடித்துக்கொண்டிருந்தாராம். அந்த மணப்பெண் வீட்டாருக்கு வேறு சீலை வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். உம்மா பேச்செடுத்தபோதெல்லாம், அத விடுங்க உம்மா என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிவிடுவார். அவர் ஏசியிருந்தால் உம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏசாமல் விட்டதுதான் உம்மாவைப் போட்டு அரித்தது.

உம்மாவுக்கு இதயம் பலவீனமாகி, பேராதனை ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியபோது, நாங்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாத மாதிரி நடித்தோம். உம்மா நடிக்கவில்லை. முன் அறையில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்த அன்றே சாச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எண்ட மையித்துத் தண்ணி கீழ அந்தப் புள்ளட கலியாணச் சீலையில விழுந்தா, நான் கபுருல எப்பிடிப் படுக்கிற?"

மௌத்துக்கு உம்மா பயப்படவில்லை. உம்மாவின் பயமெல்லாம் அந்த ஒரு சொட்டுத் தண்ணீர்தான். வேறிடத்தில் குளிப்பாட்டலாம் என்றேன் நான். என் ஊட்டுலயிருந்துதான் நான் போவேன் என்றார். கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிக்கலாம் என்றேன். பசை மேடு தடுத்துப் பாதிக் கட்டிலில் தங்கி நிற்கிற ஊத்தைத் தண்ணீரில் தான் கிடக்க வேண்டுமா என்று கேட்டார். சாச்சிதான் எழுந்து, அந்தப் பசையை நான் அடியோடு எடுக்கிறேன் என்றாள்.

முதலில் அவள் பள்ளிவாசல் அறைக்குப் போய்ச் சமையல் கத்தியால் முயன்று பார்த்தாள். கத்தி தகட்டைக் கீறியது. கீறினால் அந்த இடம் தோலைப் பிடிக்கும் என்று உடனே நிறுத்திவிட்டு, இதற்கென்று ஏதாவது சாமான் இருக்கும், வாங்கி வா என்று என்னை அனுப்பினாள். நான் ஹாட்வெயார் கடையில் போய்ப் பெயர் தெரியாமல் கையால் சுரண்டிக் காட்டினேன். கடைக்காரர் பாத்ரூமுக்கா, சிங்குக்கா என்று கேட்டார். கட்டிலுக்கு என்று வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிலிகன் சுரண்டி என்று சொல்லி இந்த மஞ்சள் பிடியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த சிக்கல், சாச்சியால் உம்மாவை விட்டு நகர முடியாது. மருந்து, துடைப்பு, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள் கையால்தான். ஆகவே அவள் ஊரில் யாரும் கனவிலும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். பக்கத்துப் பள்ளிவாசலில், இடையில் ஏதும் மௌத்து விழுந்தால் உங்கள் கட்டிலைத் தாருங்கள் என்று சொல்லிவைத்துவிட்டு, எங்கள் கட்டிலை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னாள். உயிரோடு ஆள் படுத்திருக்கும் வீட்டுக்கு மையித்துக் கட்டில். நான் அழுதே விட்டேன். அதைப் பார்த்தால் உம்மா அந்த இடத்திலேயே போய்விடுவார் என்றேன். ஒண்ட உம்மாவ ஒனக்கித் தெரியா என்றாள் சாச்சி.

பட்டப்பகலில் அந்தக் கட்டில் தெரு வழியே வந்து எங்கள் படியில் ஏறியது. அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் அந்தக் கட்டில் நுழைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்க்கடை நானா கதவைச் சாத்தினார். யாரோ பள்ளிவாசலுக்கு ஃபோன் போட்டார்கள், யாரோ அக்குறணைச் சொந்தக்காரர்களுக்குச் சொன்னார்கள். சற்று நேரத்தில் படி நிறைய ஆட்கள். மைனி ஒருத்தி வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். உள்ளே வந்து பார்த்தால் உம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு பிஸ்கட்டைப் பிளேன்டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். மைனிக்கு அழுகையை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்ப உம்மா உத்தரவு போட்டார். தையற்காரரும் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து நின்றார், முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னம் இல்ல மகன்," என்றார் உம்மா. "போய்த் தைங்கோ."

அவர் போகாமல் கட்டிலையும் சாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். சாச்சி மறைத்து வைக்கத் தெரியாதவள். அன்றைக்கு மாதிரி இந்த முறையும் கலியாணச் சீலையில் தண்ணீர் விழக்கூடாதாம், அதுதான் ராத்தாவின் கவலை என்று உடைத்துச் சொல்லிவிட்டாள். தையற்காரர் கழுத்து நாடாவை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். வெகுநேரம் கீழே மெஷின் சத்தம் கேட்கவில்லை.

பின் ஹோலில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுச் சாச்சி கால்பக்கத்திலிருந்து சுரண்டத் தொடங்கினாள். கொக்கி அலகைப் பொருத்துக்குள் இறக்கி, தன் பக்கமாக மெதுவாக இழுப்பாள். கறுப்பு, அதற்குக் கீழே பழுப்பு, அதற்குக் கீழே சாம்பல், எல்லாவற்றுக்கும் அடியில் முதன்முதல் பூசிய வெள்ளை. சிலது நாடாவாக நீண்டு வந்தது, சிலது பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிடிவாதமாக ஒட்டியிருந்த இடத்தில் அவள் அழுத்தவில்லை, அதே இடத்தில் மறுபடி மறுபடி இழுத்தாள். ஒரு இடத்தில் நீண்ட நரைமுடி ஒன்று பசையோடு வந்தது. சாச்சி அதை விரலில் சுற்றி, வாய்க்குள் துஆ ஓதி, தனியே ஒரு கடதாசியில் மடித்து வைத்தாள், மண்ணில் புதைக்க. நான் கதவோரத்தில் நின்றேன். கிட்டப் போகக் கால் வரவில்லை. ஊரிலுள்ள எத்தனை பெண்கள் அந்தத் தகட்டில் கிடந்திருப்பார்கள். என் மாமி, எனக்குக் குர்ஆன் ஓதித்தந்தவர், என் பள்ளித் தோழியின் உம்மா. சாச்சி அவர்கள் எல்லோரையும் தொட்ட கையால் இப்போது அவர்கள் கிடந்த இடத்தைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா, என்னையும் கொண்டு போங்கோ என்றார். சாய்கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். உம்மா கட்டிலை நிதானமாகப் பார்த்தார். சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை. பிறகு கேட்டார்.

"தங்கச்சி, இதுல தலப்பக்கம் எது?"

சாச்சியின் கை நின்றது. ஜன்னல் பக்கம் என்று கண்ணால் காட்டினாள். அந்தப் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குப் பழைய பசை இன்னும் மிச்சம் இருந்தது.

"அப்ப அந்தத் துண்ட எனக்கி விடு."

நான் வேண்டாம் என்றேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. சாச்சி சாய்கதிரையைக் கட்டிலோடு அணைத்து வைத்து, கருவியை உம்மாவின் கையில் கொடுத்தாள். தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கவே நடுங்குகிற கை அது. அலகு பொருத்தில் இறங்கவே நேரமெடுத்தது. ஒரு இழுப்பு, பிறகு மூச்சு வாங்குவது, பிறகு ஒரு இழுப்பு. அரிசிமணி அளவுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வந்தது. சாச்சி தன் கையை உம்மாவின் முழங்கைக்குக் கீழே தாங்கலாக வைத்தாளே தவிர, வேலையில் தொடவில்லை. இடையில் உம்மா, எண்ட படுக்கைய நான்தானே தட்டி விரிக்கணும் என்று சொல்லிச் சிரித்தார். கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிறர் விரித்த பாயில் நான் படுத்ததில்லை என்றார். அந்தி வெளிச்சத்தில் உம்மாவின் முகம் நல்ல தெளிவாக இருந்தது. மௌத்தை இப்படிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. என் உம்மா, மீன்காரனோடு பேரம் பேசித் தோற்றால் இரண்டு நாள் புலம்புகிற என் உம்மா, இவ்வளவு பெரியவர் என்று அன்றைக்குத்தான் கண்டேன். கடைசித் துண்டு வந்ததும் விரலால் பொருத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தம் என்றார். நானும் என்னையறியாமல் போய் அந்த இடத்தைத் தொட்டேன். வழுவழுவென்று குளிர்ந்திருந்தது. அத்தோடு அந்தக் கட்டிலின் பயம் என்னை விட்டுப் போய்விட்டது.

சாச்சி பொருத்தைத் துடைத்துக் காயவைத்து, புதுச் சிலிகனை ஒரே கோடாக இழுத்து, மறுநுனி ரப்பரால் வழித்துச் சமன் செய்தாள். நன்றாகக் காய்ந்த பிறகு கேத்தல் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். கீழே கடதாசி விரித்து வைத்திருந்தாள், அது நனையவில்லை. கடதாசியைக் கொண்டுபோய் உம்மாவிடம் காட்டினாள். உம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, இனிக் கொண்டு போய் வைங்கோ, நான் சொல்லியனுப்புறேன் என்றார்.

சொல்லியனுப்பிய மாதிரித்தான் நடந்தது. மழைவிட்ட ஒரு காலையில், சுபஹு தொழுகைக்குப் பிறகு, சாச்சியின் மடியில் தலை வைத்தபடி உம்மா மௌத்தானார். கட்டில் மறுபடி படியேறியது. இந்த முறை ஆட்கள் அழுதுகொண்டு வந்தபோது நிறுத்தச் சொல்ல உம்மா இல்லை. குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். சாச்சி முழங்கையில் சூடு பார்த்துத் தந்தாள், நான் ஊற்றினேன். இலந்தையிலைத் தண்ணீர், கடைசியில் கற்பூரத் தண்ணீர். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஓடிக் குழாயில் இறங்கியது. உம்மாவின் முடியை வாரிப் பின்னும்போது ஒரு இழை சிக்கவில்லை. நான் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். பலகை காய்ந்து கிடந்தது.

கபனிட்டு முடிந்ததும் எனக்கு மனம் கேளாமல் கீழே இறங்கிப் போய்த் தையற்கடையைப் பார்த்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. தையற்காரர் எழுந்து நின்றார். சரியாகப் பின் ஹோலுக்குக் கீழே, அன்று எங்கே தண்ணீர் விழுந்ததோ அதே மேசையில், சிவப்புக் கூரைச் சீலை ஒன்று விரித்தபடியே இருந்தது. தெரிந்துகொண்டே இதை ஏன் எடுத்து வைக்கவில்லை என்று கேட்டேன்.

"எடுத்து வச்சா, உம்மா கையால செஞ்ச வேலைய நம்பலன்னு ஆயிரும்ல அக்கா," என்றார்.

ஜனாஸாவை அடக்கம் செய்ய எங்கள் ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டில் பெண்கள் மட்டும். சாச்சி கட்டிலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. வேறொரு தெருவில் இன்னொரு மௌத்து, கட்டில் உடனே வேண்டும், அதை ஏற்ற லொறி கீழே வந்து நிற்கிறது. துடைத்துக் காயவைக்க நேரமில்லை. டிரைவர் வண்டியை விட்டு இறங்கவில்லை, தூக்க வேறு ஆளுமில்லை. தெருவில் நின்ற இரண்டு பேர் கட்டில் என்றதும் மெல்ல விலகிப் போனார்கள். தையற்காரர்தான் சத்தம் கேட்டு ஏறி வந்து, நான் பிடிக்கிறேன் என்று கால்பக்கத்தைப் பிடித்தார். தலைப்பக்கம் சாச்சி. எங்கள் படி செங்குத்து, இறங்கும்போது கீழே நிற்பவர் பக்கம் கட்டில் சரியும். இரண்டு படி இறங்கியதும் சாச்சி நின்றுவிட்டாள். மூலையில் இன்னும் தண்ணீர் நின்றது. உம்மா எந்தத் தண்ணீருக்குப் பயந்தாரோ அந்தத் தண்ணீர்.

"நில்லுங்கோ மகன்," என்றாள். "தண்ணி ஈக்கி. ஒங்கட தலையில ஊத்தும். துடச்சிட்டு எடுப்பம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஊத்தட்டும் சாச்சி," என்றார். "உம்மா தண்ணிதானே. நீங்க எறங்குங்க."

சாச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த படியில் கால் வைத்தாள்.